தாய்லாந்து, வழி: மாமல்லபுரம்

வெளிநாட்டு வேலைக்காக நான் செய்த பயணம் மொத்தம் மூன்று நாள். அந்த மூன்று நாளும் எங்கள் மாவட்டத்தின் எல்லையை நான் தாண்டவில்லை. பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். கடைசிவரை அதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான் மதுராந்தகத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எம்.எஸ்ஸி., பி.எட்., பதினேழு வருஷ சர்வீஸ். தாய்லாந்தில் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அந்தப் பள்ளியில் வருஷத்துக்கொரு முறை ஒரு வகுப்பை அப்படியே கிளப்பி வேறு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாரம் தங்கவைத்துப் பாடம் நடத்துவார்களாம். அந்த வருஷம் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறார்கள். வந்த இடத்திலேயே வாத்தியார்களையும் பார்த்துவிடலாம் என்று கடற்கரை ரிசார்ட் ஒன்றில் மூன்று நாள் தேர்வு வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

எனக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. சென்னைக்குப் போனாலே தலைவலி வரும். ஆனால் விளம்பரத்தின் கடைசி வரியில், ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் இலவசமாக இடம் தரப்படும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் விண்ணப்பம் போட்டேன்.

என் மகள் கீர்த்தனாவுக்குப் பேச்சு திக்கும். பதினொரு வயது, ஆறாம் வகுப்பு, நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படித்தாள். எல்லாவற்றையும்விடத் தன் பேரைச் சொல்லத்தான் அவளுக்கு அதிகமாகத் திக்கும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் இங்கிலீஷ் மிஸ் அவளை எழுப்பிப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் வரியையே தாண்ட முடியவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து யூனிபார்மைக் கழற்றி, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தவள்தான். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் அதை எடுக்கவில்லை. அதட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் கையைக்கூட ஓங்கிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அந்த ஸ்கூலுக்கு மட்டும் அவள இனிமே அனுப்பாதீங்க. வேற எங்கயாவது வழி பாருங்க" என்றாள் என் மனைவி விஜயா. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் வேறு எங்கே? மதுராந்தகத்தில் இன்னொரு பள்ளியில் சேர்த்தால், அங்கேயும் ஐம்பது பிள்ளைகள், அதே சிரிப்பு. தாய்லாந்துப் பள்ளியின் விவரப் புத்தகத்தில் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர்தான் என்று அச்சடித்திருந்தது. அதை நான் எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

பொங்கல் முடிந்த வாரம். முதல் நாள் காலையில் நான் கிளம்பும்போது கீர்த்தி வாசல்வரை வந்தாள். "அப்பா, எனக்கு... வ... வ..." என்றாள்.

"வளையல்தானே? அங்க சங்கு வளையல் நிறைய விக்கிறாங்க. வாங்கிட்டு வரேன், போ."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வாயைத் திறந்த உடனே மனசில் இருப்பது எனக்குத் தெரிந்துவிடும். விஜயாவுக்குக்கூட அது கைவராது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

செங்கல்பட்டுவரை உட்கார இடம் கிடைத்தது. அங்கே மாமல்லபுரம் பஸ் மாறினேன். அது திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்துக்கு வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்கு நடந்தார். அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மைத்துனனிடம் இரவல் வாங்கிய ஷூ எனக்கு ஒரு சைஸ் பெரிது. அதைப் போட்டுக்கொண்டு லொட்டு லொட்டென்று ஓடி ஓர் ஆட்டோவைப் பிடித்தேன்.

"இன்னா சார், டை எல்லாம் கட்டிகினு கீற? கல்யாணமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இன்டர்வியூப்பா."

"எங்க?"

"தாய்லாந்துல."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "தாய்லாந்துக்கு நம்ம ஆட்டோலயா சார் போற?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்து, தானே கியரைப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ரிசார்ட் வாசலில் ஆட்டோவை உள்ளே விடவில்லை. என்னையும் முன்வாசல் வழியாக விடவில்லை. பக்கத்துக் கேட்டைக் காட்டினார்கள். புல்தரை, தென்னை, அதற்குப் பின்னால் கடல். இந்தக் கடலை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மீன் வாடை இல்லாமல் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உள்ளே எங்களை வரவேற்றவர் ரெஜி. கோட்டயத்துக்காரர், அந்தப் பள்ளியில் அலுவலக மேலாளர், தமிழும் நன்றாகப் பேசினார். வேலைக்கு வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாலதி மேடம் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்திருந்தார். கணவர் அணு ஆராய்ச்சியில் இருக்கிறாராம். இவர் பிசிக்ஸ். என் ஷூவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். நல்ல மனுஷி.

அன்றைக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான். கணக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. அரைமணி நேரம் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாடுதான் பெரிய பரீட்சை. நெல்லிக்காய் அளவுக்கு இட்லி செய்து, அதன் தலையில் குச்சியைக் குத்தி வைத்திருந்தார்கள். சாம்பாரைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி, குடிக்கிறதா தொட்டுக்கொள்கிறதா என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். தயிர்சாதம் கண்ணில் பட்டது. அதை முள்கரண்டியால் சாப்பிட முயற்சி பண்ணினேன். பாதி தட்டிலேயே நின்றுவிட்டது.

ஆனால் நான் பார்த்தது சாப்பாட்டை இல்லை, பிள்ளைகளை. பதினெட்டுப் பேர், பல நாட்டு முகங்கள், எல்லாம் கீர்த்தி வயதுதான். பிரின்சிபால் அம்மா ஓர் இங்கிலீஷ்காரி, ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் பள்ளியில் ஸ்டாப் ரூம் கதவைத் தட்டவே பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. என்ன மரியாதை இது என்று நினைத்தேன். பிறகு அந்த மேஜையில் கீர்த்தியை மனசுக்குள் உட்காரவைத்துப் பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மாலதி மேடம் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது ரெஜி எங்களிடம், "மூணாம் நாள் குழந்தைகளையும் கூட்டிட்டு வாங்க. பிரின்சிபால் பார்த்துப் பேசணும்னு சொன்னாங்க" என்றார்.

கடற்கரைக் கடையில் சங்கு வளையல் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், மாதிரி வகுப்பு. பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதுவே எனக்குச் சகுனம் சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றி எண்பது டிகிரி. இதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் நடத்துவேன். எங்கள் ஊரில் பாடம் நடத்துகிற முறை உங்களுக்குத் தெரியும். வாத்தியார் பாதி வாக்கியம்தான் சொல்லுவார். மீதியை வகுப்பு சொல்லும். "மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றி எண்...?" என்று நான் இழுத்தால் போதும், "பது!" என்று ஐம்பது தொண்டை சேர்ந்து கத்தும். பக்கத்து வகுப்பு டீச்சருக்குப் பொறாமையாக இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். என் வாத்தியாரும் அப்படித்தான் படித்திருப்பார்.

ரிசார்ட் ஹாலில் வெள்ளைப் பலகையில் முக்கோணம் போட்டேன். இங்கிலீஷில்தான். "ஆகவே இந்த மூன்றையும் கூட்டினால் நமக்குக் கிடைப்பது நூற்றி...?" என்று இழுத்துவிட்டு, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் குனிந்தேன்.

சத்தமே இல்லை. பதினெட்டு முகமும் என்னையே பார்த்தது. முன்வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பையனிடம் மெதுவாகக் கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது: "அவருக்கு மறந்துபோய்விட்டதா?"

மானம் போயிற்று. "எண்பது" என்று நானே முடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் விட்டேனா? பழக்கம் எங்கே போகும்? நான்கைந்து இடத்தில் இழுத்தேன். நான்கைந்து இடத்திலும் நானே முடித்தேன்.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். தாய்லாந்துப் பெண், பேர் ப்ளாய். எழுந்து நின்றாள். "அதையே ஒரு..." என்று ஆரம்பித்தாள். நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றது. கழுத்து நரம்பு லேசாகப் புடைத்தது. அந்த நரம்பு எனக்குத் தெரியும். தினமும் வீட்டில் பார்க்கிற நரம்பு.

மற்ற பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளை உற்றுப் பார்க்கவும் இல்லை. சும்மா இருந்தார்கள். மழை விடட்டும் என்று நிற்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தார்கள். என்னால்தான் இருக்க முடியவில்லை. அந்த அமைதி என்னை என்னவோ செய்தது. அவளுக்கு நல்லது செய்கிறதாக நினைத்துக்கொண்டு, "ஒரு தாளில் போட்டால் என்ன ஆகும், அதுதானே? பலகையில் போட்டாலும் தாளில் போட்டாலும் ஒன்றுதான். நல்ல கேள்வி, உட்கார்!" என்றேன்.

ப்ளாய் உட்கார்ந்தாள். பதினேழு முகமும் என் பக்கம் திரும்பியது. நான் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் பிரின்சிபால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "அந்தப் பெண் என்ன கேட்க வந்தாள் என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

"தாளில் போட்டால் என்ன ஆகும் என்று."

"அவள் அப்படிச் சொன்னாளா?"

"இல்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. என் மகளுக்கும் இப்படித்தான். அவள் வாயைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும்." இதைச் சொன்னால் எனக்குச் சாதகமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், பாருங்கள்.

"ப்ளாய் என்ன கேட்க வந்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அவளுக்குப் பாடம் எடுக்கிறேன், அப்போதும் தெரியாது. இன்னும் பத்து விநாடி இருந்திருந்தால் நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்" என்றார். பிறகு, "நாளைக்கு உங்கள் மகளை அவசியம் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ப்ளாய் வந்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பழத்தின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் முக்கோணம் போட்டிருந்தது. காம்பிலிருந்து நடுவயிறுவரை ஒரு கோடு, நடுவயிற்றைச் சுற்றிக் கால்பாகம் ஒரு கோடு, மறுபடி காம்புக்கு ஒரு கோடு. மூன்று மூலையும் செங்கோணம். கூட்டினால் இருநூற்று எழுபது.

உருண்டையின் மேல் வரைந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி. எம்.எஸ்ஸி.யில் இதை ஒரு பேப்பர் முழுக்கப் படித்தவன் நான். பதினேழு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்க விட்டேனா என்பது வேறு விஷயம். வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது செங்கல்பட்டுவரை நின்றுகொண்டே வந்தேன். கீர்த்தி 'வ' என்று ஆரம்பித்த காலை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாள் காலையும் ஞாபகம் வந்தது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கொளவாய் ஏரி வந்தபோது பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டில் போய்ப் பார்த்தால், முந்தின நாள் கொடுத்த வளையல் பொட்டலம் பிரிக்காமலே டீவி மேல் இருந்தது.

மூன்றாம் நாள் கீர்த்தியோடு போனேன். கடல் பார்க்கலாம் என்று சொன்னதால் வந்தாள். மஞ்சள் சுடிதார், இரட்டைப் பின்னல், விஜயா வைத்துவிட்ட டிசம்பர் பூ. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வேடிக்கை பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அவளுக்காக எதையாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம்.

சின்ன அறை. பிரின்சிபால், ரெஜி, நாங்கள் இரண்டு பேர். பிரின்சிபால் நாற்காலியைக் கீர்த்திக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் பேர் என்ன?" என்றார்.

கீர்த்தி எழுந்து நின்றாள். எங்கள் பள்ளிப் பழக்கம். "கீ..." என்றாள். நின்றது. "கீ... கீ..."

அறையில் எல்லோரும் காத்திருந்தோம். பிரின்சிபாலின் முகத்தில் அவசரமே இல்லை. ரெஜி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அலைச் சத்தம் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இருடா, இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

கீர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வருவது ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிற பார்வை. அப்புறம் சொன்னாள்:

"நீங்களே சொல்லிடுங்கப்பா."

துளிக்கூடத் திக்கவில்லை. தண்ணீர் மாதிரி வந்தது. எத்தனை ஆயிரம் முறை மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தால் அவளுக்கு ஒரு வாக்கியம் அப்படி வரும்?

பிரின்சிபால் ரெஜியைப் பார்த்தார். ரெஜி ஒரு கணம் தயங்கிவிட்டு, அதை இங்கிலீஷில் சொன்னார்.

பிரின்சிபால் கீர்த்தியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கடல் பிடிக்குமா என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரியான கேள்விகளாகவே கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "உங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வருஷம் உங்களை எடுக்க முடியாது. மன்னியுங்கள்" என்றார். மாலதி மேடத்துக்கு வேலை கிடைத்தது என்று வெளியே வந்ததும் தெரிந்தது. அவர் கீர்த்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பேனாக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே நகத்தை வைத்து நிதானமாக உரித்தாள். பாதியை எனக்குக் கொடுத்தாள். புளித்தது. திங்கட்கிழமை நான் அதே வகுப்புக்குப் போய் அதே பாடத்தை நடத்த வேண்டும். இவள் எங்கே போவாள்?

திரும்பும் பஸ்ஸில் பள்ளி விட்ட கூட்டம். கண்டக்டர் நெருக்கியடித்துக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தார். "செங்கல்பட்டு ஒண்ணரை" என்றேன்.

"அரை டிக்கெட்டா? வளந்து கீதே. எத்தினி வயசு பாப்பா?" என்று அவளிடமே கேட்டார்.

கீர்த்தி வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைப் போலக் கஷ்டமான காரியத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

"இன்னா சார், பொண்ணு பேசாதா?"

"பேசுவா. கொஞ்சம் இருப்பா."

"இருக்கத்துக்கு எங்க சார் நேரம்? பின்னால எம்மாங் கூட்டம் கீது பாரு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முழு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார்.

நான் திரும்பவில்லை. பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது. பக்கத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி இழுத்தாள். என் முழங்கை மேல் அவள் கை வந்து இறுகியது.

"ப... ப... பதி... பதினொண்ணு" என்றாள் கீர்த்தி.

கண்டக்டர் பின்படியில் யாருடனோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.